இடி விழுவது யார் தலையில்?

மழைக் காலத்தில் நமது நாட்டில் ஏதாவது ஓர் ஊரில் இடி விழுந்து ஒருவர் மாண்டார் என்று சேதி வந்தால், உடனே இரண்டு விதமான பேச்சுகள் கிளம்பிவிடுகின்றன. ஒன்று, "அவன் விதி அவ்வளவுதான்" என்பது. மற்றொன்று, "என்ன பாவம் செய்தானோ" என்பது. செத்தவன் திரும்பி வந்து பதில் சொல்லப் போவதில்லையாதலால், இந்த இரண்டு பேச்சுகளும் தங்கு தடையில்லாமல் நடந்து வருகின்றன. ஆனால் அந்த மனிதன் அந்த நேரத்தில் ஏன் வெட்டவெளியில் நின்றான், அவனுக்கு யாராவது எச்சரிக்கை சொன்னார்களா, அவன் ஓடி ஒதுங்குவதற்குப் பக்கத்தில் ஒரு நல்ல கட்டடமாவது இருந்ததா என்று கேட்பவர் மாத்திரம் ஒருவரும் இல்லை.

இப்போது சில வருஷங்களாக மூன்றாவது பேச்சு ஒன்றும் புறப்பட்டிருக்கிறது. இது படித்தவர்களுடைய பேச்சு. கைப்பேசிகளின் மூலம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டு வருகிறார்கள். அதாவது, கோவில் கோபுரத்தின் மேல் இருக்கும் கலசம் வெறும் கலசமல்லவாம், அது இடிதாங்கியாம், அதற்குள் வரகு போட்டு வைத்திருப்பதனால் அது மின்னலை இழுத்துக்கொண்டு ஊர் முழுவதையும் காப்பாற்றுகிறதாம், வெள்ளைக்காரன் இடிதாங்கியைக் கண்டுபிடிப்பதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்பே நமது முன்னோர்கள் இதைக் கண்டுபிடித்து, ஜனங்களுக்குச் சொன்னால் புரியாது என்று பக்தியின் பேரால் செய்து வைத்தார்களாம்.

இந்த மூன்று பேச்சுகளில் முன்னைய இரண்டைவிட மூன்றாவதுதான் அதிக ஆபத்தானது என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், முன்னைய இரண்டும் தெரியாமையால் பேசப்படுபவை. மூன்றாவதோ தெரியாமைக்கு விஞ்ஞானச் சட்டை மாட்டி விடுவது. ஆதலால் இடிதாங்கி என்பது எப்படி வந்தது, அதை யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்கின்ற சரித்திரத்தைச் சற்று விவரமாகச் சொல்லி, பிறகு கலசத்தின் யோக்கியதைக்கு வருவோம்.

இடியைக் கண்டு பயந்து அதற்கு ஒரு தெய்வத்தைக் கற்பிக்காத தேசம் மிகவும் குறைவு. நமக்கு இந்திரனும் அவன் வஜ்ராயுதமும். கிரேக்கர்களுக்கு சியூஸ். வடதேசத்து ஐரோப்பியர்களுக்குச் சம்மட்டி ஏந்திய தோர். கிறிஸ்தவ மதம் வந்த பிறகும் ஐரோப்பாவில் இந்தப் பயம் போகவில்லை. இடி என்பது கடவுளின் கோபம் என்றும், இல்லாவிட்டால் ஆகாயத்தில் திரியும் பிசாசுகளின் வேலை என்றும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நாம் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று வாயால் சொல்லுவதோடு நின்றோம். அவர்களோ புயலும் இடியும் வந்தால் மாதாகோவில் மணியை அடிப்பது என்று ஒரு முறையை ஏற்படுத்தினார்கள். மந்திரிக்கப்பட்ட மணியின் ஓசை இடியை விரட்டும் என்பது நம்பிக்கை. மின்னலை முறிக்கும் சக்தி தனக்கு உண்டென்று மணியின் மேலேயே லத்தீன் பாஷையில் பொறித்தும் வைத்தார்கள்.

இதன் பலன் என்னவாயிற்று என்று பாருங்கள். ஊரிலேயே உயரமான கட்டடம் கோவில் கோபுரம். அதன் அடியிலே மழையில் நனைந்த கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மணியடிப்பவன் நிற்கிறான். இடி விழுவதற்கு இதைவிட வசதியான இடத்தை ஒருவன் தேடிப் பிடிக்க முடியுமா? 1718-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பிரான்சு தேசத்து பிரிட்டனி மாகாணத்தில் அடித்த ஒரு புயலில் 24 கோவில்களின் மேல் இடி விழுந்தது என்றும், அவையெல்லாம் மணியடித்துக்கொண்டிருந்த கோவில்களே என்றும் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. 1784-ல் ஜெர்மனியில் மூனிச் நகரத்தில் வெளிவந்த ஒரு புஸ்தகம் இன்னும் தெளிவாகக் கணக்குச் சொல்லிற்று. 33 வருஷ காலத்தில் 386 கோவில் கோபுரங்களில் இடி விழுந்து, மணியடித்தவர்கள் 103 பேர் மாண்டுபோனார்கள் என்பது அந்தக் கணக்கு. கடவுளுடைய கோபம் கடவுளுடைய வீட்டின் மேலேயே, அதுவும் கடவுளுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தவன் தலையிலேயே விழுந்ததென்றால், அதே ஊரில் சாராயக் கடையும் சூதாட்டக் கொட்டகையும் குட்டையான கட்டடங்களாக இருந்த காரணத்தினால் தப்பித்துக்கொண்டன என்றால், இடிக்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது, உயரம் ஒன்றுதான் தெரியும் என்பதை விளக்க வேறு சாட்சி வேண்டுமா?

இந்த உண்மையை வெளிக்குக் கொண்டுவந்தவர் ஒரு மதாசாரியார் அல்ல. ஒரு பெரிய பண்டிதரும் அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் மெழுகுவத்தியும் சோப்பும் காய்ச்சி விற்ற ஒருவருக்கு 1706-ல் மகனாகப் பிறந்து, இரண்டு வருஷம் மாத்திரமே பள்ளிக்கூடம் போய், அச்சுக்கூடத்தில் வேலை பழகிப் பிழைத்த பெஞ்சமின் பிராங்க்ளின் என்பவரே. மின்னலும் மின்சாரமும் ஒன்றுதானா என்று சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு வழியை அவர் எழுதி வெளியிட்டார். அவர் எழுதியபடியே 1752-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி பாரிசுக்குச் சமீபத்தில் மார்லி என்ற கிராமத்தில் சுமார் 40 அடி உயரமுள்ள ஓர் இரும்புக் கம்பியை நட்டுச் சோதித்தார்கள். மேகம் வந்ததும் கம்பியிலிருந்து தீப்பொறி பறந்தது. அந்த ஊர்ப் பாதிரியாரே ஓடிவந்து தாமும் பொறியை இழுத்துப் பார்த்தார் என்பதை நாம் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பிராங்க்ளின் அதே வருஷத்தில் பட்டம் விட்டுச் சோதித்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே. மறு வருஷத்துக்கான தமது பஞ்சாங்கத்திலேயே இடிதாங்கி வைக்கும் முறையை எல்லோரும் படித்துத் தெரிந்துகொள்ளும்படி அச்சடித்து விட்டார். அதற்காக ஏகபோக உரிமையும் வாங்கவில்லை, காணிக்கையும் கேட்கவில்லை. நமது பஞ்சாங்கங்கள் ராகு காலத்தையும் எமகண்டத்தையும் சொல்லிக்கொண்டிருக்க, ஒரு பஞ்சாங்கக்காரர் உயிர் காக்கும் வழியைச் சொன்னார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் நல்லது சொன்னால் ஏற்றுக்கொள்வதற்கு உலகம் அவ்வளவு சுலபமாகத் தயாராயிருக்குமா? 1755-ம் வருஷம் நவம்பரில் பாஸ்டனில் பூமி அதிர்ந்தது. உடனே தாமஸ் பிரின்ஸ் என்ற பாதிரியார், ஊரெல்லாம் இரும்புக் கம்பிகளை நட்டு ஆகாயத்து மின்சாரத்தைப் பூமிக்குள் இறக்கினதால்தான் பூகம்பம் வந்திருக்கக்கூடும் என்றும், கடவுளின் கைக்குத் தப்ப வழி கிடையாதென்றும் எழுதினார். ஹார்வர்டு கல்லூரி ஆசிரியர் ஜான் வின்த்ராப் அதற்குத் தக்க மறுப்புச் சொல்ல வேண்டி வந்தது. மொரேவியா தேசத்தில் பிரோகோப் டிவிஷ் என்பவர், அவரும் ஒரு பாதிரியார்தான், 1754-ல் தமது ஊரில் ஒரு பெரிய கம்பியை நிறுத்தினார். சில வருஷங்களில் மழை பெய்யாமல் வறட்சி வந்தது. "இந்தக் கம்பிதான் மழையை விரட்டுகிறது" என்று ஊரார் திரண்டு வந்து அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். ஆகவே மூடத்தனம் என்பது அங்கியைப் பொறுத்ததல்ல, புத்தியை உபயோகிப்பதைப் பொறுத்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

பிரான்சில் நடந்த ஒரு கேஸ் இன்னும் வேடிக்கையானது. சேன் ஓமேர் என்ற ஊரில் விஸ்ஸரி என்ற ஒரு முதியவர் 1780-ல் தமது வீட்டின் மேல் இடிதாங்கி வைத்துக்கொண்டார். அண்டை வீட்டார் பயந்துபோய், எங்கள் வீட்டின் மேல் இடியை இழுத்துவிடப் போகிறார் என்று புகார் செய்தார்கள். ஊர் அதிகாரிகளும் விசாரித்து, கம்பியை எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். அவர் அப்பீல் செய்தார். 1783-ல் ஆரா நகரத்துக் கோர்ட்டில் அவருக்காக ஆஜராகி, விஞ்ஞானத்தின் பக்கம் பேசி ஜெயித்துக் கொடுத்தவர் 25 வயதுள்ள ஓர் இளம் வக்கீல். அவர் பெயர் ரோபஸ்பியர். பிற்காலத்தில் பிரெஞ்சுப் புரட்சியில் பெயர் வாங்கினாரே, அதே ரோபஸ்பியர்தான். ஒரு மனிதன் தன் சொந்த வீட்டின்மேல் ஒரு கம்பியை வைத்துக்கொள்வதற்கு மூன்று வருஷம் வழக்காட வேண்டியிருந்தது என்றால், பழக்கத்தின் பலம் எவ்வளவு என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பு ஓய்ந்தது வாதத்தினால் மாத்திரமல்ல, அடிபட்டுத்தான் ஓய்ந்தது. இத்தாலியில் பிரெஷியா நகரத்தில் 1769-ம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி வெடிமருந்து சேமித்து வைத்திருந்த இடத்தில் இடி விழுந்தது. மருந்து வெடித்து நகரத்தின் ஒரு பெரும் பாகமே நாசமாயிற்று. பல நூறு ஜனங்கள் மாண்டார்கள். அந்த நகரம் வெனிஸ் அரசாங்கத்துக்கு உட்பட்டது. அந்த வெனிசிலேயே சேன் மார்க் கோவில் மணிக்கூண்டின் மேல் 1489-லும் 1745-லும் இன்னும் பல தடவைகளிலும் இடி விழுந்து, ஒவ்வொரு தடவையும் செப்பனிட்டுச் செப்பனிட்டுப் பணம் கரைந்துகொண்டிருந்தது. 1776-ல் அதன் மேல் ஒரு கம்பியை வைத்தார்கள். அத்தனை நூற்றாண்டுகள் ஜபத்தாலும் மணியாலும் ஆகாத காரியம் ஒரு கம்பித் துண்டினால் ஆயிற்று. இன்று ஐரோப்பாவில் இடிதாங்கியில்லாத பெரிய மாதாகோவிலைக் காண்பது அரிது. அந்தக் கம்பியை வைப்பதால் கடவுளிடத்தில் நம்பிக்கை குறைந்துவிட்டதாக எந்தப் பாதிரியாரும் இப்போது வருத்தப்படுவதாகத் தெரியவில்லை.

நிற்க, இனிக் கலசத்துக்கு வருவோம்.

இடிதாங்கி என்பது மூன்று உறுப்புகள் கொண்டது. உச்சியில் ஓர் உலோகக் கம்பி. அதிலிருந்து அறுபடாமல் கீழே இறங்கும் தடித்த செம்புப் பட்டை. அந்தப் பட்டை போய் முடிவதற்கு ஈரமண்ணில் ஆழமாகப் பதிக்கப்பட்ட உலோகம். இம்மூன்றும் சேர்ந்தால்தான் இடிதாங்கி. அது இடியை விரட்டுவதுமில்லை, விழுங்குவதுமில்லை. ஏரி நிரம்பி வழியும்போது கரை உடையாமல் இருக்கக் கலிங்கு கட்டித் தண்ணீருக்கு வழி விடுகிறோமே, அது போல வந்த மின்சாரத்துக்குக் கட்டடத்தைத் தொடாமல் பூமிக்குப் போக ஒரு வழி விடுவதே அதன் வேலை. கலசத்திலே உச்சி இருக்கிறது. கலிங்கும் வாய்க்காலும் எங்கே? செம்புக் கலசத்தின் கீழே இருப்பது செங்கல்லும் சுண்ணாம்பும் கருங்கல்லும்தானே! அவைகளின் வழியாக மின்னல் பாயும்போது, உள்ளே இருக்கும் ஈரம் ஒரு நொடிக்குள் ஆவியாகி வெடித்துக் கல்லைப் பிளக்கிறது. கோபுரத்தில் இடி விழுந்து சுதைப் பொம்மைகள் உடைந்து விழுந்தன என்று அடிக்கடி பத்திரிகைகளில் படிக்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான்.

பூமியோடு சேர்க்காத கம்பி காப்பாற்றாது என்பது மட்டுமல்ல, கொல்லவும் செய்யும் என்பதற்குச் சரித்திரத்திலே ஓர் உயிர்ச் சாட்சியும் உண்டு. ருஷியாவில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் ரிச்மன் என்ற விஞ்ஞானி, மின்னலின் அளவைச் சோதிப்பதற்காகக் கூரைமேல் ஒரு கம்பியை வைத்து, அதைப் பூமியோடு சேர்க்காமல் தமது அறைக்குள் கொண்டுவந்து விட்டிருந்தார். 1753-ம் வருஷம் புயலின்போது அதன் அருகே குனிந்து பார்த்தார். மின்சாரம் பூமிக்குப் போக வேறு வழியில்லாமல் அவர் தலையின் வழியாகப் போயிற்று. அந்த இடத்திலேயே மாண்டார். அவர் மரணத்திலிருந்து உலகம் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது. நமது கலசப் பண்டிதர்கள் மாத்திரம் அந்தப் பாடத்தை இன்னும் படிக்கவில்லை.

"கலசம் ஊர் முழுவதையும் காப்பாற்றுகிறது" என்பதும் கணக்குக்கு நிற்காது. ஓர் உயர்ந்த கம்பி ஏறக்குறைய தன் உயரத்தின் அளவுக்குள்ளே உள்ள இடத்துக்குத்தான் பாதுகாப்புத் தரும், அதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதுதான் விஞ்ஞானிகள் கண்ட அனுபவம். கோபுரத்தடியில் இருக்கும் அக்கிரகாரத்துக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்தாலும் கிடைக்கலாம். ஊருக்கு வெளியே வயலிலும் சேரியிலும் இருப்பவனுக்கு அதனால் என்ன லாபம்?

இவ்வளவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். இன்று பல பெரிய கோவில்களின் கோபுரத்தின் மேல், கலசத்துக்குப் பக்கத்திலேயே, நிஜமான இடிதாங்கிக் கம்பி ஒன்று பொருத்தப்பட்டு, அதன் செம்புப் பட்டை கீழே பூமி வரையில் இறங்கியிருப்பதை யார் வேண்டுமானாலும் நேரில் போய்ப் பார்க்கலாம். கலசமே இடிதாங்கியானால் அதன் பக்கத்தில் இந்த இரண்டாவது இடிதாங்கி எதற்கு? கோவிலை நிர்வகிப்பவர்களுக்கு உண்மை தெரியும். கைப்பேசியில் பெருமை பேசுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

"நமது முன்னோரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னால் உங்களுக்கு ஏன் வயிறெரிகிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். முன்னோர்கள் அவ்வளவு உயரத்துக்குக் கல்லை ஏற்றிக் கட்டினார்களே, அந்தத் தொழில் திறமையை நாமும் மெச்சுகிறோம். அந்தக் கல்லைச் சுமந்தவனுடைய பெருமையை விட்டுவிட்டு, அவர்கள் செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லுவது எப்படிப் பெருமையாகும்? மேலும், பொய்ப் பெருமையினால் யாருக்கும் நஷ்டமில்லையானால் நாமும் சும்மா இருந்துவிடலாம். இங்கே நஷ்டமாவது உயிர்.

இந்திய அரசாங்கத்தின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொடுத்த கணக்குப்படி 2022-ம் வருஷம் ஒன்றில் மாத்திரம் இந்தியாவில் இடி விழுந்து இறந்தவர்கள் 2,887 பேர். அமெரிக்காவில் 1943-ல் இவ்விதம் 432 பேர் இறந்தார்கள். இப்போது ஜனத்தொகை இரண்டு மடங்குக்கு மேல் பெருகியும் வருஷத்துக்கு ஏறக்குறைய 20 பேர்தான் இறக்கிறார்கள். அங்கே கடவுளின் கோபம் தணிந்துவிட்டதா? இல்லை. வெட்டவெளியில் வேலை செய்பவர்கள் குறைந்தார்கள். மின்சாரக் கம்பியும் தண்ணீர்க் குழாயும் உள்ள உறுதியான வீடுகள் பெருகின. எச்சரிக்கை முன்கூட்டியே வருகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

நமது நாட்டிலே சாகிறவர்கள் யார்? நாற்று நடுகிறவள், ஆடு மேய்க்கிறவன், களத்தில் நெல்லைக் கூட்டுகிறவன், மழைக்குப் பயந்து புளியமரத்தடியில் ஒதுங்குகிற கூலிக்காரன். மாடி வீட்டுக்காரரும் கார் உள்ளவரும் சாவது அபூர்வம். காரில் இருப்பவர் பிழைப்பது ரப்பர்ச் சக்கரத்தினால் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் தப்பு. சுற்றிலும் உள்ள உலோகக் கூடு மின்சாரத்தை வெளிப்புறமாகவே கடத்திப் பூமிக்கு அனுப்பிவிடுகிறது. இந்தத் தத்துவத்தை விளக்கிக் காட்டிய மைக்கேல் பாரடே ஒரு கருமானின் மகன். ஆக, இடிக்கு ஜாதி கிடையாது, பணக்காரன் ஏழை என்ற பேதம் கிடையாது. ஆனால் இடியிலிருந்து தப்பும் வசதிக்கு இவையெல்லாம் உண்டு. அந்த வசதியில்லாமல் செத்தவனைப் பார்த்துத்தான் "என்ன பாவம் செய்தானோ" என்கிறோம்!

பாவத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சங்கதிகள். 2016-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் நார்வே தேசத்தில் ஹார்டாங்கர்விடா என்ற பீடபூமியில் ஒரே புயலில் 323 கலைமான்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்தன. மின்னல் தரையில் பரவி, ஒரு காலின் வழியாக ஏறி மறு காலின் வழியாக இறங்கிற்று. நெருங்கி நின்ற காரணத்தால் அத்தனையும் மாண்டன. அந்த மான்கள் எந்த ஜன்மத்தில் என்ன பாவம் செய்தன? அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்து வனக்காவலர் ராய் சல்லிவன் என்பவர் 1942 முதல் 1977 வரையில் ஏழு தடவை மின்னலால் அடிபட்டு, ஏழு தடவையும் பிழைத்தார். ஏழு தடவை பாவம் செய்து ஏழு தடவை மன்னிக்கப்பட்டாரா? அவர் உத்தியோகமே திறந்த மலைக்காட்டில் திரிவது என்பதல்லவா காரணம்!

ஆகவே தோழர்களே! அர்ச்சுனனைக் கூப்பிடுகிற நேரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். மின்னலைக் கண்டபின் இடியோசை கேட்கும்வரை எத்தனை விநாடியோ, அதை மூன்றால் வகுத்தால் இடி விழுந்த தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 விநாடிக்குள் கேட்டால் ஆபத்து உங்களுக்குச் சமீபத்தில் இருக்கிறது. உடனே நல்ல கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் வரை வெளியே வரவேண்டாம். மரத்தடியில் ஒருபோதும் ஒதுங்காதீர்கள். தண்ணீருக்குள் நிற்காதீர்கள். கூட்டமாக இருந்தால் பிரிந்து நில்லுங்கள்.

ஒருவர் மேல் இடி விழுந்துவிட்டால் அவரைத் தொடப் பயப்படாதீர்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிராது. வடநாட்டுச் சில கிராமங்களில் அடிபட்டவரைக் கழுத்துவரை சாணத்தில் புதைத்து வைக்கிறார்களாம். இது பிழைக்கக்கூடியவரையும் சாகடிக்கும் வழி. அமெரிக்க அனுபவத்தில் மின்னலால் அடிபட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். சாகிறவர்கள் பெரும்பாலும் இதயம் நின்றுபோவதால் சாகிறார்கள். ஆதலால் மூச்சில்லையானால் உடனே மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து அழுத்தி அழுத்தி விடுங்கள். வைத்திய உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

அரசாங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. புனே நகரத்திலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் "தாமினி" என்ற செயலியின் மூலம் மின்னல் எச்சரிக்கை கொடுக்கிறது. அது நல்ல காரியமே. ஆனால் களை பறிக்கிறவளின் கையில் அந்தக் கருவி இருக்கிறதா, இருந்தாலும் சேற்றில் நிற்கும்போது எடுத்துப் பார்ப்பாளா என்று யோசிக்க வேண்டாமா? வயற்காட்டுக்கு நடுவே கேட்கும்படி ஒரு சங்கு, ஓடி ஒதுங்க இடிதாங்கி வைத்த ஒரு கொட்டகை, ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேலும் சேரியின் சமுதாயக் கட்டடத்தின் மேலும் ஒரு கம்பி, இவைகளுக்கு ஆகும் செலவு அதிகமில்லை. கும்பாபிஷேகத்துக்குக் கலசம் மாற்றப் பணம் திரட்டத் தெரிந்த ஊராருக்கு இதற்கும் திரட்டத் தெரியும்.

"உன் தலையில் இடி விழ" என்று நமது ஜனங்கள் கோபத்தில் சபிக்கிறார்கள். இடி யார் சாபத்துக்கும் விழுவதில்லை. யார் ஜபத்துக்கும் நிற்பதில்லை. உயரமும் வெட்டவெளியும் கண்ட இடத்தில் விழுகிறது, வழி வெட்டிக் கொடுத்தால் அந்த வழியில் போகிறது. இருநூற்றெழுபது வருஷங்களுக்கு முன் ஓர் அச்சுத் தொழிலாளி கண்டு சொன்ன இந்தச் சிறு உண்மை வயலில் நிற்கிறவனுடைய காதுக்கு இன்னும் போய்ச் சேரவில்லையென்றால், அது அவன் விதியல்ல, நம் குற்றம்.